ரிசப்ஷனுக்கு ஃபுட் டிரக் வைக்கலாமா? கடலூர், புதுச்சேரி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்யாண வேலைகளை எடுத்துச் செய்கிறேன். சமீப காலமாக ரிசப்ஷன் பேச வருகிற பிள்ளைகள் முதலில் கேட்பது ஃபுட் டிரக் பற்றித்தான், கூட வருகிற அப்பா அம்மா முகத்தில் தெரிவது கவலைதான். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வண்டி வைப்பது நல்ல விஷயம், ஆனால் எத்தனை வண்டி என்று எண்ணாதீர்கள், கூட்டம் நெரியும் அந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை தட்டு வெளியே வரும் என்று எண்ணுங்கள். அப்புறம், உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்களுக்கு இலை போட்டே ஆக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பந்தியே இல்லாமல் ஃபுட் டிரக் மட்டும் வைத்தால் போதாதா?

போதாது. நூறு பேருக்குள், எல்லாரும் நண்பர்கள், ஆபீஸ் ஆட்கள் என்றால் சரி, தாராளமாக வையுங்கள். சொந்தபந்தம் வருகிற ரிசப்ஷன் என்றால் வேண்டாம். நெல்லிக்குப்பத்திலிருந்தும் பண்ருட்டியிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பெரியப்பா, முட்டி வலியோடு வருகிற அத்தை, கைக்குழந்தையை வைத்திருக்கும் அக்கா, இவர்களெல்லாம் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்றபடி சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டாலும் மனசு நிறையாது. நம் ஊரில் "வாங்க, சாப்பிட வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்கார வைப்பதுதான் மரியாதை. அதை வண்டியால் செய்ய முடியாது.

நான் சொல்வது, வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குப் பந்தி, மீதிப் பேருக்கு வண்டி. பந்தியில் நீளமான மெனு தேவையில்லை. இட்லி, இடியாப்பம், வடைகறி, ஒரு சாதம், ஒரு இனிப்பு, மோர் என்று சின்னதாக வைத்தால் போதும், ஆனால் இலையில், உட்கார வைத்து, ஆள் நின்று பரிமாறி. இளசுகள் வெளியே வண்டிப் பக்கம் போய்விடுவார்கள், பந்தியில் இடம் பிடிக்க நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும் அந்தச் சங்கடமும் தீரும். வண்டியால் கிடைக்கும் பெரிய நன்மை என்று நான் நினைப்பது இதைத்தான். பந்தி நிதானமாக நடக்கிறது, சாப்பிடுகிறவர் அவசரமில்லாமல் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.

எத்தனை வண்டி வேண்டும்?

இந்தக் கேள்விக்கு வண்டிக்காரர் சொல்லும் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "ஐநூறு பேருக்கு நாலு வண்டி தாங்கும் சார்" என்பார். நாள் முழுக்க என்றால் தாங்கும். ஆனால் நம் ஊர் ரிசப்ஷனில் கூட்டம் நாள் முழுக்க வருவதில்லை. பத்திரிகையில் ஆறரை மணி என்று போட்டிருந்தாலும் ஏழே கால் வரை நாற்காலி காலியாகத்தான் கிடக்கும், அப்புறம் எட்டரைக்குள் மொத்த ஊரும் வந்து, மேடையேறி, போட்டோ எடுத்து, மொய் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பும். ஒன்பதரைக்குப் பார்த்தால் வீட்டு ஆட்கள்தான் மிச்சம்.

ஒரு கணக்குப் போடுவோம். நானூறு பேர் வருகிறார்கள், அதில் இருநூற்று ஐம்பது பேர் அந்த ஒரு மணி நேரத்தில் பசியோடு நிற்கிறார்கள். ஆளுக்கு இரண்டு ஐட்டமாவது சாப்பிடுவார்கள். அப்படியென்றால் ஒரு மணி நேரத்தில் 500 தட்டு வெளியே வர வேண்டும். இப்போது வண்டிகளைப் பாருங்கள். வண்டியில் இருக்கும் தோசைக்கல்லில் ஒரே நேரத்தில் நாலு தோசை ஊற்றலாம், துடைத்து ஊற்றி எடுக்க மூன்று நிமிஷம். காகிதத்தில் மணிக்கு 80 வரும், நடைமுறையில் 60 வந்தால் மாஸ்டருக்குக் கை கொடுக்க வேண்டும். கொத்து பரோட்டாவும் அதே 60தான், ஏனென்றால் கல் ஒன்றுதான், கொத்தும் கை ஒன்றுதான். பானிபூரியில் இரண்டு பேர் நின்றால் 100. ஐஸ்கிரீம் 120. நாலு வண்டியும் சேர்ந்து 340. தேவை 500. மீதி 160 தட்டுக்கான ஆட்கள் வரிசையில் நின்றுகொண்டு உங்களைத்தான் பார்ப்பார்கள்.

இதைத் தீர்க்க இரண்டு வழி. ஒன்று, ஏற்கெனவே சமைத்து அள்ளிப் போடும் ஐட்டம் ஒன்றைச் சேர்ப்பது. பிரியாணியோ, சாம்பார் சாதமோ, பிசிபேளாபாத்தோ, ஒரு ஆள் கரண்டியோடு நின்றால் மணிக்கு 150 தட்டு தாராளமாகப் போகும். இன்னொன்று, மேலே சொன்ன பந்தி. அந்த இருநூற்று ஐம்பதில் நூறு பேர் இலையில் உட்கார்ந்துவிட்டால் வண்டிகளுக்கு மீதி நூற்றைம்பது பேர், 300 தட்டு. இப்போது அதே நாலு வண்டி போதும், கொஞ்சம் மூச்சு விடவும் நேரம் இருக்கும். ஐந்தாவது வண்டிக்குச் செலவு செய்வதை விட ஒரு பந்தி போடுவது மலிவு, மரியாதையும் கூட.

தோசை வண்டி ஒன்று வைப்பதாக இருந்தால் கல் எத்தனை, அடுப்பு எத்தனை என்று நேரில் போய்ப் பாருங்கள். வண்டி பளபளவென்று இருக்கும், உள்ளே கல் ஒன்றுதான் இருக்கும்.

வண்டியில் எந்த ஐட்டம் சரிப்படும், எது சரிப்படாது?

ஒரு நிமிஷத்தில் கைக்கு வருவதும், ஒரு கையால் சாப்பிட முடிவதும் சரிப்படும். பட்டுப்புடவையில் ஒழுகுவது சரிப்படாது. குழிப்பணியாரம், சின்ன ஆப்பம், மினி ஊத்தப்பம், பஜ்ஜி, கட்லெட், சாட் வகைகள், சோளம், சுண்டல் எல்லாம் நன்றாகப் போகும். பாஸ்தா கேட்பார்கள், ஆனால் ஒவ்வொரு தட்டாகச் செய்ய வேண்டியிருப்பதால் வரிசை நகராது. விறகு அடுப்பு பீட்சாவும் அப்படித்தான். ஆரோவில் பக்கம் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள், வைக்கலாம், ஆனால் வெட்டித் துண்டாகக் கொடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கொரு முழு பீட்சா என்றால் விடிந்துவிடும்.

எல்லா ரிசப்ஷனிலும் ஒரே பானிபூரி, ஒரே ஸ்பிரிங் ரோல் என்று ஆகிவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. நம் பக்கத்து ஐட்டம் எவ்வளவு இருக்கிறது! சித்திரையிலிருந்து ஆனிவரை கல்யாணம் என்றால் பண்ருட்டிப் பலா கிடைக்கும், சுளையை உரித்து ஐஸ்கிரீமோடு கொடுக்கும் ஒரு கவுண்டர் வையுங்கள், வெளியூர் ஆட்கள் மறக்க மாட்டார்கள். பண்ருட்டி முந்திரியை நெய்யில் வறுத்து மிளகு உப்பு தூவிக் கொடுக்கலாம். வேகவைத்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கூம்புக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தால் மேடைக்குப் போக வரிசையில் நிற்கிறவர்கள் கொறித்துக்கொண்டே நிற்பார்கள். தோசை வண்டியில் சட்னியோடு சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு ஒரு பாத்திரம் வைத்துப் பாருங்கள். கடைசியில் மசாலா பாலும் பீடாவும் இருந்தால் பெரியவர்களும் வண்டிப் பக்கம் வந்து நிற்பார்கள்.

அசைவம் வைக்கலாமா?

முதலில் மண்டபத்தில் கேளுங்கள். பல மண்டபங்களில் வளாகத்துக்குள்ளேயே அசைவம் கூடாது, வெளியே வாசலில் வண்டி நிறுத்தினாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மறுநாள் காலை அங்கேயே முகூர்த்தம் என்றால் வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். முகூர்த்தம் முடிந்து வேறு இடத்தில், வேறு நாளில் ரிசப்ஷன் என்றால் பிரச்சினை இல்லை.

மீன் வறுவல் வண்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. கல்யாணம் அதிகம் நடக்கிற சித்திரை, வைகாசி அதற்குள்தான் வருகிறது. வஞ்சரம் விலை ஏறும், இல்லாவிட்டால் ஐஸில் நாள்பட்ட மீன் வரும். அந்த மாதங்களில் மீனை விட்டுவிடுங்கள்.

ஷவர்மா, மயோனைஸ் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்ததே உணவு நச்சாகும் ஆபத்து இருப்பதால்தான். தடை தேதி என்னவாக இருந்தாலும், கல்யாண வீட்டில் மணிக்கணக்கில் வெளியே இருக்கப்போகும் சாஸுக்கு முட்டையில்லா மயோனைஸ்தான் என்று பேசிவிடுங்கள். அப்புறம், சைவ வண்டியும் அசைவ வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். மாலையில் நம் ஊரில் கடல் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும், அதனால் அசைவ வண்டியை மேற்கு ஓரமாக நிறுத்தினால் புகையும் வாசமும் கூட்டத்தின் மேல் வராது. கரண்டி, கல், எண்ணெய் எல்லாம் தனித்தனி என்பதைச் சொல்லவே தேவையில்லை.

பந்தியை விடச் செலவு குறையுமா?

குறையும் என்று நினைத்து இறங்காதீர்கள். வண்டியில் உணவு வீணாவது குறைவு, கேட்ட பிறகுதான் போடுகிறார்கள் என்பதால். ஆனால் வண்டி வாடகை, டீசல், ஜெனரேட்டர், நாலு வண்டிக்கு நாலு குழு ஆள் என்று வேறு பக்கம் செலவு ஏறும். பெரும்பாலும் பந்திச் செலவுக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கும்.

பேச்சுவார்த்தை இரண்டு விதமாக நடக்கும். ஒன்று மொத்தமாக இவ்வளவு என்று பேசுவது, இன்னொன்று தட்டுக்கு இவ்வளவு, குறைந்தது இத்தனை தட்டு என்று பேசுவது. தட்டுக் கணக்கில் அந்தக் குறைந்தபட்ச எண்ணிக்கைதான் முக்கியம். தட்டு 60 ரூபாய், குறைந்தது 300 தட்டு என்று பேசினீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 180 தட்டுதான் போனாலும் நீங்கள் 18,000 கொடுத்தாக வேண்டும், அதாவது ஒரு தட்டு 100 ரூபாய்க்கு விழுந்துவிட்டது. அதனால் குறைந்தபட்சத்தைத் தாழ்வாகவும், அதற்கு மேல் போனால் அதே விலைக்கு இத்தனை தட்டு வரை தர வேண்டும் என்றும் பேசுங்கள். தட்டின் அளவையும் சேர்த்துப் பேசுங்கள். கடையில் விற்கும் அளவு முழுத் தட்டை ரிசப்ஷனில் யாரும் கேட்பதில்லை, அரைத் தட்டாகக் கொடுத்தால் நாலு வண்டியிலும் ருசி பார்க்கலாம், விலையும் குறையும்.

ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா, வண்டி வந்து போகும் செலவு யாருடையது, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புவார்கள், ஒரு மணி நேரம் கூடினால் எவ்வளவு, இத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். மீதிப் பணத்தில் ஒரு பகுதியை வேலை முடிந்து கையில் கொடுப்பதாக வைத்துக்கொள்வது நல்லது.

டோக்கன் வைக்கலாமா?

தட்டுக் கணக்கு என்றால் ஏதாவது கணக்கு வேண்டும்தான். ஆனால் டோக்கனை மொய் மேசையில் வைத்துக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. மொய் எழுதினால்தான் சாப்பாடு என்கிற மாதிரி ஆகிவிடும், ஒரு தடவை அந்தப் பேச்சு கிளம்பினால் இருபது வருஷத்துக்குப் போகாது. காலித் தட்டுகளை எண்ணிக் கொடுத்து, கடைசியில் மிச்சத் தட்டை எண்ணிக் கழித்துக்கொள்வதுதான் சுலபமான வழி. நூறு நூறாகக் கட்டி, வீட்டு ஆள் ஒருவர் கையில் வைத்துக்கொண்டு, தீரத் தீர வண்டிக்குக் கொடுக்கலாம். வருகிறவர்கள் கையில் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.

மண்டபத்துக்குள் வண்டியை விடுவார்களா?

கேட்டை அளந்து பாருங்கள். குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் வண்டி ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் அகலம், நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான நீளம், அது எங்கும் நுழைந்துவிடும். ஆனால் மேலே கூரையும் பக்கத்தில் திறக்கும் பலகையும் வைத்துக் கட்டின பிறகு உயரம் கூடியிருக்கும், மண்டப வாசலில் வாழைமரம், சீரியல் செட், பூ வளைவு எல்லாம் கட்டின பிறகு வண்டி வந்தால் வளைவைத்தான் பிரிக்க வேண்டும். பந்தல்காரர் வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே வண்டி உள்ளே வந்து நின்றுவிட வேண்டும், அல்லது வேறு கேட் வழியாக வர வேண்டும். பெரிய வண்டி என்றால் திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சில மண்டபங்கள் தங்கள் சமையல் கான்ட்ராக்ட்காரரைத்தான் வைக்க வேண்டும் என்பார்கள், வெளி வண்டி வந்தால் தனிக் கட்டணம் கேட்பார்கள். புதுச்சேரியில் ஓட்டல் லானில் ரிசப்ஷன் வைக்கிறவர்கள் இதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். ஒரு வீட்டில் மூன்று வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இடத்துக்காரர்கள் வெளிச் சாப்பாடு கூடாது என்று சொல்லி, கடைசி வாரத்தில் பெண்ணின் அப்பா அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். பணத்தை விட அவர் பட்ட மனக்கஷ்டம்தான் பெரிசு.

வண்டியைத் திறக்கும் பக்கம் எது என்றும் கேளுங்கள். பல வண்டிகள் இடது பக்கம்தான் திறக்கும். சுவர் ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, திறக்கிற பக்கம் சுவரைப் பார்த்து நின்றால் என்ன செய்வது? வண்டிக்கு முன்னால் வரிசை நிற்க இடம், அதைத் தாண்டி ஆட்கள் நடக்க இடம், இரண்டும் விட்டு நிறுத்த வேண்டும்.

பீச்சிலோ ஒயிட் டவுனிலோ வைக்கலாமா?

புதுச்சேரி பீச் ரோட்டில் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிப் போக்குவரத்தே கிடையாது, அதனால் அந்த யோசனையை விட்டுவிடலாம். ஒயிட் டவுன் பழைய வீடுகளில் முற்றத்தில் சின்ன ரிசப்ஷன் அழகாக இருக்கும், ஆனால் வண்டி தெருவில்தான் நிற்க வேண்டும், தெருவில் நிறுத்தி அடுப்பு மூட்டுவது உங்கள் வீட்டு விஷயம் இல்லை, நகராட்சி, காவல்துறை அனுமதி வேண்டும். அங்கே வண்டிக்குப் பதில் முற்றத்தில் லைவ் கவுண்டர் போடுங்கள். கடலூர் சில்வர் பீச் மணலில் பாரம் ஏற்றிய வண்டியை இறக்கினால் சக்கரம் புதைந்துவிடும், அதோடு கடல் காற்றில் அடுப்பு எரியாது. கடல் தெரிய வேண்டும் என்று ஆசை இருந்தால் ஈசிஆர் ஓரம் சுற்றுச்சுவர் உள்ள தோட்டம், ரிசார்ட் இடங்களைப் பாருங்கள், அங்கேயும் அடுப்பைச் சுற்றி மூன்று பக்கமும் தகடு அடித்திருக்கிற வண்டியாக எடுங்கள்.

புதுச்சேரி வண்டியைக் கடலூருக்குக் கூட்டி வரலாமா?

தூரம் ஒன்றும் இல்லை, இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான். ஆனால் நடுவில் முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறுகிறது. பிஒய் பதிவெண் உள்ள வணிக வண்டி தமிழ்நாட்டுக்குள் தொழிலுக்கு வரும்போது பர்மிட், வரி விஷயங்கள் உண்டு, கடலூர் வண்டி அந்தப் பக்கம் போனாலும் அப்படித்தான். அதையெல்லாம் சரியாக வைத்திருக்கிறாரா என்று வண்டிக்காரரைக் கேளுங்கள், வேலை நாளன்று மாலை ஐந்து மணிக்குச் சோதனைச்சாவடியில் நிற்கும் வண்டி உங்களுக்கு உதவாது.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நண்பர்களுக்காகப் புதுச்சேரியிலிருந்து பாட்டில்களை உணவு வண்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்லும் மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக்குள் அப்படிக் கொண்டுவருவது சட்டவிரோதம், சோதனையில் பிடித்தால் வண்டி அங்கேயே நின்றுவிடும், அந்த வண்டிக்காரரின் பிழைப்பும் போய்விடும். அவரை அந்த நிலைமைக்குத் தள்ளாதீர்கள்.

கேஸ், கரண்ட், தண்ணீர் யார் பொறுப்பு?

பேசும்போதே முடிவு செய்ய வேண்டியது. கேஸ் அவர்கள் கொண்டுவர வேண்டும், 19 கிலோ நீல நிற வணிக சிலிண்டராக இருக்க வேண்டும். வீட்டு உபயோகச் சிவப்பு சிலிண்டரைத் தொழிலுக்கு வைத்திருந்தால் அது விதிமீறல், அந்த வண்டி வேண்டாம். டியூப் வெடிப்பு விட்டிருக்கிறதா, மாற்று சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்களா, தீயணைப்பான் இருக்கிறதா, அதன் தேதி முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் செட், துணிப் பந்தல், பட்டுப்புடவை, ஓடியாடும் குழந்தைகள் இருக்கிற இடம் இது. வண்டிக்குப் பின்பக்கம் சிலிண்டர் இருக்கும், அங்கே ஒரு கயிறு கட்டிக் குழந்தைகள் போகாமல் மறித்துவிடுங்கள்.

கரண்ட் மண்டபத்திலிருந்து இழுப்பதாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் ஒவ்வொரு வண்டியிலும் என்னென்ன ஓடும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஃபிரீசர், மிக்ஸி, ஓவன், ஃபோகஸ் லைட் எல்லாம் ஒரே லைனில் போட்டால் மேடை லைட்டோடு சேர்ந்து போகும். ஜெனரேட்டர் வைத்தால் மண்டபத்துக்குப் பின்பக்கம், சத்தமும் புகையும் வராத தூரத்தில்.

குடிதண்ணீர் ஆளுக்கு அரை லிட்டர் என்று வைத்தால் 400 பேருக்கு 200 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் பத்து. வெயில் காலத்தில் பதினைந்து சொல்லுங்கள். சமையலுக்கும் பாத்திரம் கழுவவும் தனித் தண்ணீர். கை கழுவும் இடம் வண்டிப் பக்கமே ஒன்று வேண்டும், நிறைய பேர் மறந்துவிடுவது இதைத்தான், அப்புறம் எல்லாரும் எண்ணெய்க் கையோடு பந்திக் கூடத்துக்குள் வருவார்கள்.

சுத்தமாகச் செய்கிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு அல்லது உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும், வண்டியிலேயே ஒட்டியிருக்க வேண்டும். அதைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவர்கள் வழக்கமாகக் கடை போடும் இடத்துக்குச் சாயங்காலம் கூட்ட நேரத்தில் சொல்லாமல் போய் நில்லுங்கள். பணம் வாங்கின கையாலேயே பூரியை உடைக்கிறாரா, துடைக்கிற துணி என்ன நிறத்தில் இருக்கிறது, எண்ணெய் கறுத்திருக்கிறதா, நறுக்கின வெங்காயம் மூடியிருக்கிறதா. பத்து நிமிஷம் நின்றால் எல்லாம் தெரிந்துவிடும்.

சூடாக இருக்க வேண்டியது 60 டிகிரிக்கு மேல், குளிர்ச்சியாக இருக்க வேண்டியது 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும், நடுவில் இருக்கும் சூட்டில்தான் கிருமி பெருகும். மதியம் வடித்த சாதத்தை வெளியே வைத்திருந்து இரவு ஃபிரைட் ரைஸ் போடுவது ஆபத்து. பானிபூரித் தண்ணீரைக் கேன் தண்ணீரில்தான் கலக்க வேண்டும் என்று சொல்லி, கேனை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். ஐஸும் அப்படித்தான். மீன்பிடித் துறைமுகத்துக்கு மீன் போட்டு வைக்கப் போகும் ஐஸ் பார் ஜூஸில் போடுவதற்கானது இல்லை, குடிதண்ணீரில் செய்த ஐஸ் கட்டிப் பாக்கெட்டாக வாங்க வேண்டும்.

மழை வந்தால்?

ஐப்பசி, கார்த்திகையில் திறந்தவெளி வண்டி ரிசப்ஷன் வேண்டாம் என்பதுதான் என் பதில். வடகிழக்குப் பருவமழை நம் கரையை எப்படி அடிக்கும் என்று நமக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 தானே புயலை யாரும் மறக்கவில்லை, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அந்த மாதத்தில்தான் நாள் அமைந்தது என்றால் வண்டியைப் போர்ட்டிகோவுக்குள்ளோ தகரக் கொட்டகை போட்டோ நிறுத்துங்கள், ஷாமியானாத் துணி பெருமழைக்குத் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்தால் தேதி மாற்ற முடியுமா, அட்வான்ஸ் என்ன ஆகும் என்று முன்பே பேசியிருக்க வேண்டும். கோடை மழை வைகாசியிலும் திடீரென்று வரும், அதனால் எந்த மாதமானாலும் வண்டிகளை உள்ளே இழுக்க ஓர் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டுக்கு என்ன செய்வது?

பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், ஸ்பூன், ஸ்ட்ரா எல்லாம் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. பாக்குமட்டைத் தட்டு நல்லது, தொன்னையும் நல்லது. வண்டிக்கு ஒன்று என்று பெரிய குப்பைத் தொட்டி வையுங்கள், சிறிய தொட்டி அரை மணியில் நிரம்பி வழியும். எடுத்துக் கொட்ட ஓர் ஆளை நியமித்து அவருக்குத் தனிக் கூலி பேசுங்கள்.

எவ்வளவு நாள் முன்னால் புக் செய்ய வேண்டும்?

முகூர்த்த நாள் என்றால் மண்டபம் கிடைத்த அன்றே. நல்ல வண்டிகள் குறைவு, ஒரே நாளில் நாலைந்து ரிசப்ஷன் இருக்கும். திருவந்திபுரத்தில் தேவநாதசுவாமி கோயிலில் முகூர்த்தம் வைத்து, அக்கம்பக்கத்தில் ரிசப்ஷன் வைக்கிறவர்கள் வண்டியை மதியமே கொண்டுவந்து நிறுத்திவிடுங்கள், சுபமுகூர்த்த நாளில் அந்தச் சாலையில் கல்யாண வேன்கள் தவிர வேறு எதுவும் நகராது. பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் விடுமுறைக்கு வரும் ஜூலை, ஆகஸ்ட்டில் ரிசப்ஷன் மட்டும் வைக்கிற புதுச்சேரி வீடுகள் உண்டு, ஆடி மாதம் என்பதால் அப்போது வண்டி சுலபமாகக் கிடைக்கும், விலையிலும் பேசலாம்.

வீட்டுப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்களே?

அவர்கள் பயப்படுவது வண்டியைப் பார்த்து இல்லை. "கல்யாண வீட்டுல நிக்க வெச்சு சோறு போட்டாங்க" என்று ஊரில் பேசிவிடுவார்களே என்றுதான். அதனால் முதலில் பந்தி உண்டு என்று சொல்லுங்கள், அப்புறம் வண்டியைப் பற்றிப் பேசுங்கள். யார் யாரைப் பந்திக்கு அழைத்துப் போக வேண்டும் என்கிற பொறுப்பை மாமாவிடமோ சித்தப்பாவிடமோ கொடுத்துவிடுங்கள், அந்த மரியாதை அவர்களுக்கும் வேண்டும். வண்டிக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது அம்மாவையும் கூட்டிப்போய் ருசி பார்க்க வையுங்கள். உப்பு, காரம், எண்ணெய் விஷயத்தில் அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ரிசப்ஷன் அன்று வண்டிகளை யார் பார்த்துக்கொள்வது?

மாப்பிள்ளை பெண் வீட்டில் மேடைக்கு வேலை இல்லாத ஓர் ஆள். சாயங்காலம் ஐந்து மணிக்கே வந்து வண்டிகளை நிறுத்த வைத்து, ஆறு மணிக்கு ஒவ்வொன்றிலும் முதல் தட்டைச் சாப்பிட்டுப் பார்த்து, கூட்டம் ஒரு வண்டியிலேயே தேங்கினால் அடுத்த வண்டிக்குத் திருப்பிவிட வேண்டும். மாவு எவ்வளவு மிச்சம் என்று எட்டு மணிக்கு ஒரு தடவை கேட்க வேண்டும், தீர்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை. மேடையில் நாலு மணி நேரம் நிற்கும் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நாலு வண்டியிலிருந்தும் ஒவ்வொரு தட்டு எடுத்து மூடி வைக்கச் சொல்லுங்கள், கடைசியில் அவர்கள் இறங்கி வரும்போது எதுவும் இருப்பதில்லை. மாஸ்டர்களும் உதவிக்கு வந்த பையன்களும் கூட்டம் முடியும்வரை சாப்பிட மாட்டார்கள், அவர்களுக்கும் கடைசிப் பந்தியில் இலை போட்டு உட்கார வைத்துவிட்டுப் பாக்கிப் பணத்தைக் கொடுங்கள்.